இணையதள நிர்வாகமும் இணையப் பதிப்பும்: ஒரகடம் வட்டாரப் பிள்ளைகளுக்கு ஒரு தொழில் வழிகாட்டி



வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும் சிங்கப்பெருமாள்கோவில்–ஸ்ரீபெரும்புதூர் சாலையும் சந்திக்கும் இடம் ஒரகடம். 1998-ல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ–நிசான், 2012-ல் பாரத்பென்ஸ் லாரிகளைத் தயாரிக்கும் டைம்லர், 2013-ல் ராயல் என்ஃபீல்டு என ஆலைகள் வரிசையாக வந்தன. ஷிஃப்ட் மாறும் நேரத்தில் அந்தச் சந்திப்பில் நின்றால் கம்பெனிப் பேருந்துகள் வந்துகொண்டே இருக்கும். அவற்றில் நம் சமுதாயப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஐ.டி.ஐ. அல்லது டிப்ளமோ முடித்து வெளிமாவட்டங்களிலிருந்து வந்து, படப்பையிலும் சுங்குவார்சத்திரத்திலும் அறை எடுத்துத் தங்கி உழைக்கிறார்கள்.

ஊரிலிருக்கும் பெற்றோரின் கவலை ஒன்றுதான்: "டிரெய்னி காலம் முடிந்ததும் நிரந்தரம் ஆக்குவார்களா? ஆக்காவிட்டால் அடுத்து என்ன?" இது வீண் பயமல்ல. ஸ்ரீபெரும்புதூரில் 2006-ல் தொடங்கிய நோக்கியா கைபேசி ஆலை 2014 நவம்பர் 1-ஆம் தேதி உற்பத்தியை நிறுத்தியது. ஆயிரக்கணக்கான இளைஞர்களும் இளம் பெண்களும் வேலை இழந்தார்கள். ஒரே லைனில் ஒரே வேலையைச் செய்து பழகியவர்களுக்கு அடுத்த வேலை எளிதில் அமையவில்லை.

ஆலை வேலையை நாம் குறை சொல்லவில்லை. அது ஹலாலான உழைப்பு. ஆனால் ஆலை மூடினாலும், ஒப்பந்தம் முடிந்தாலும் கையோடு எடுத்துச் செல்லக்கூடிய இன்னொரு திறன் நம் பிள்ளைகளிடம் இருக்க வேண்டும். அப்படி ஒன்றுதான் இணையதள நிர்வாகமும் இணையப் பதிப்பும். "அது சாஃப்ட்வேர் இன்ஜினீயர்களுக்கான வேலை, நம் பிள்ளைக்கு வராது" என்று பல வீடுகளில் நினைக்கிறார்கள். உண்மையில் இது பெரும்பாலும் பராமரிப்பு வேலை. பராமரிப்பு என்றால் என்ன என்பது ஆலையில் வேலை பார்க்கும் பிள்ளைக்கு ஏற்கனவே தெரியும்.

என்ன வேலை இது?

இதை இரண்டு பகுதிகளாகப் பார்க்கலாம். முதலாவது தளத்தை ஓட வைப்பது. டொமைன் எனப்படும் தளத்தின் பெயரைப் பதிவு செய்து காலாவதி ஆகாமல் புதுப்பித்தல், ஹோஸ்டிங் சர்வரைக் கவனித்தல், பாதுகாப்புச் சான்றிதழைப் புதுப்பித்தல், மென்பொருள்களை அவ்வப்போது மேம்படுத்தல், பேக்கப் எடுத்தல், யாருக்கு எந்த அனுமதி என்று தீர்மானித்தல் ஆகியவை இதில் அடங்கும்.

இரண்டாவது தளத்தில் வருவதைச் சரியாக வெளியிடுவது. கட்டுரையைத் திருத்துதல், தலைப்பிடுதல், படத்துக்கு உரிமை இருக்கிறதா என்று பார்த்தல், தேதியையும் பெயரையும் சரிபார்த்தல், பழைய தகவலை நீக்குதல், தவறு நேர்ந்தால் திருத்தம் போடுதல், வாசகரின் புகாருக்குப் பதில் சொல்லுதல் எல்லாம் இதில் வரும். சிறிய நிறுவனத்தில் இரண்டையும் ஒருவரே செய்வார். பெரிய நிறுவனத்தில் தனித்தனிக் குழுக்கள் இருக்கும்.

ஆலை மொழியில் சொன்னால் இன்னும் எளிது. மென்பொருளை மேம்படுத்துவதும் பேக்கப் எடுப்பதும் பிரிவென்டிவ் மெயின்டனன்ஸ். தளம் நின்றுபோவது பிரேக்டவுன். எதனால் நின்றது, அது ஏன் நடந்தது, அதற்கும் முன்னால் எது காரணம் என்று ஐந்து முறை கேட்டு மூலத்தைக் கண்டுபிடிக்கும் ஒய்-ஒய் அனாலிசிஸ் இங்கும் அப்படியே பொருந்தும். கட்டுரை வெளியாவதற்கு முன் இன்னொருவர் படித்துப் பார்ப்பது குவாலிட்டி செக். மெஷின் பக்கத்தில் செக்‌ஷீட் தொங்குவதுபோல நல்ல தள நிர்வாகியிடமும் தினசரி, வார, மாதப் பட்டியல் இருக்கும்.

இந்தத் துறையிலும் அளவைகள் உண்டு. பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும். தொட்டதும் 200 மில்லி விநாடிக்குள் பதில் வர வேண்டும் என்பது கூகுள் வகுத்த அளவு. லெட்ஸ் என்கிரிப்ட் இலவசமாக வழங்கிவரும் பாதுகாப்புச் சான்றிதழ் 90 நாட்கள் செல்லும். தானாகப் புதுப்பிக்கும்படி அமைக்காவிட்டால் ஒரு நாள் காலையில் வாசகர் அனைவருக்கும் எச்சரிக்கைப் பலகைதான் தெரியும். பேக்கப்புக்கு 3-2-1 என்று ஒரு விதி உண்டு: 3 பிரதிகள், 2 வகைச் சேமிப்பு, அவற்றில் 1 வேறொரு இடத்தில்.

நம்மிடையே ஒரு முன்னோடி

இந்தத் துறைக்கு நம் சமுதாயம் புதிதல்ல. அதிராம்பட்டினத்தைச் சேர்ந்த மர்ஹூம் உமர்தம்பி (1953–2006) அவர்களை இன்றைய பிள்ளைகள் பலர் அறிந்திருக்க மாட்டார்கள். மின்னணுவியல் படித்து, கருவிகளைப் பழுது பார்க்கும் தொழிலிலிருந்து கணினித் துறைக்கு வந்தவர். துபாயில் பணியாற்றியவர்.

அவர் காலத்தில் தமிழ் இணையத்துக்கு ஒரு பெரிய நோய் இருந்தது. 1995-ல் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி அவர்களின் முயற்சியால் தமிழ் இணையத்தில் ஏறியது. 1999-ல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டின் வழியாகத் தமிழ்99 விசைப்பலகை வந்தது. ஆனால் ஒவ்வொரு தளமும் தனக்கென ஓர் எழுத்துருவை வைத்திருந்தது. அதை இறக்கி நிறுவாத வாசகருக்குத் தமிழுக்குப் பதில் கிறுக்கல்தான் தெரியும். எல்லா மொழிக்கும் பொதுவான யூனிகோடு முறை இருந்தும், விண்டோஸ் 98 போன்ற பழைய கணினிகளில் யூனிகோடு தமிழ் ஒழுங்காகத் தெரியாது.

உமர்தம்பி அவர்கள் தேனீ என்ற யூனிகோடு எழுத்துருவை உருவாக்கினார்கள். அதன் இயங்கு எழுத்துரு வடிவத்தைத் தளத்தில் இணைத்துவிட்டால், வாசகர் எதையும் நிறுவாமலே தமிழைப் படிக்க முடிந்தது. எழுத்துருவோடு தமிழில் தட்டச்சு செய்யவும் ஒரு முறையிலிருந்து இன்னொரு முறைக்கு மாற்றவும் கருவிகள் செய்து இலவசமாகக் கொடுத்தார்கள். 2010 ஜூனில் கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்தபோது, தமிழ் இணையத்துக்கான அரங்கு ஒன்றுக்கு அவர்கள் பெயர் சூட்டப்பட்டது. அதே ஜூனில்தான் தமிழக அரசும் யூனிகோடைத் தரமாக ஏற்றது.

இதிலிருந்து நாம் எடுக்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு. பழைய எழுத்துருவில் வெளியான எத்தனையோ கட்டுரைகளும் செய்திகளும் இன்று தேடினால் கிடைப்பதில்லை. எழுதியவர்கள் குறைவாக எழுதியதால் அல்ல. மாற்றிப் பாதுகாக்க ஆளில்லாததால். தளத்தைத் தொடங்குபவர் பலர், காப்பவர் சிலர். அந்தச் சிலருக்குத்தான் இத்துறையில் எப்போதும் மதிப்பு.

ஒரகடம் பக்கத்தில் வேலை எங்கே?

வெளியே தெரிவது கார் மட்டுமே. ஆனால் ஒரு கார் விற்பனைக்கு வந்தால் அதனுடன் உரிமையாளர் கையேடு, சர்வீஸ் மேனுவல், உதிரிபாகப் பட்டியல், டீலர்களுக்கான தளம், வண்டி எண்ணை உள்ளிட்டுப் பார்க்கும் ரீகால் அறிவிப்பு என்று நூற்றுக்கணக்கான பக்கங்கள் இணையத்தில் ஏற வேண்டும். ஒரு போல்ட்டின் முறுக்கு அளவு மேனுவலில் தவறாக ஏறினால் எத்தனையோ ஒர்க்‌ஷாப்களில் அதே தவறு நடக்கும். லைனில் நின்று அந்த போல்ட்டை முறுக்கிய பிள்ளை அந்தத் தவறைக் கண்டுபிடிப்பது எளிது. இங்கேதான் ஆலை அனுபவம் மூலதனமாகிறது.

இப்படிப்பட்ட வேலைகள் ஆலைக்குள் மட்டும் நடப்பதில்லை. ரெனோ–நிசானின் தொழில்நுட்ப மையம் சிங்கப்பெருமாள்கோவிலை அடுத்த மஹிந்திரா வேர்ல்ட் சிட்டியில் இருக்கிறது. ஒரகடத்திலிருந்து ஒரே சாலை. ஆலைகளுக்குப் பாகம் தரும் சிறு, நடுத்தர நிறுவனங்கள், டீலர்கள், மருத்துவமனைகள், பள்ளிகள், விடுதிகள் எல்லாவற்றுக்கும் தளம் வேண்டும். ஆண்டு முழுவதும் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். டெக்னிக்கல் ரைட்டர், கன்டென்ட் எடிட்டர், வெப் அட்மினிஸ்ட்ரேட்டர், வெப் சப்போர்ட் என்ற பெயர்களில் இந்த வேலைகளைத் தேடலாம்.

என்ன படிக்கலாம்?

பத்தாம் வகுப்பு முடித்தவர்கள் பாலிடெக்னிக்கில் கணினிப் பொறியியல் டிப்ளமோ சேரலாம். ஐ.டி.ஐ. அல்லது பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்கள் தகுதிக்கேற்ப டிப்ளமோவில் நேரடியாக இரண்டாம் ஆண்டிலும், டிப்ளமோ முடித்தவர்கள் பி.இ.யில் நேரடியாக இரண்டாம் ஆண்டிலும் சேர வழி உண்டு. பன்னிரண்டுக்குப் பின் பி.சி.ஏ., பி.எஸ்சி. கணினி அறிவியல், எழுத்தில் நாட்டம் இருந்தால் இதழியல் அல்லது விஷுவல் கம்யூனிகேஷன் என்று தேர்வு செய்யலாம். விண்ணப்பிக்கும்போது பிற்படுத்தப்பட்ட முஸ்லிம் வகுப்பினருக்கான 3.5 சதவீத இட ஒதுக்கீட்டை மறக்கக் கூடாது. சாதிச் சான்றிதழை முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.

ஒரகடத்திலிருந்து வண்டலூர் செல்லும் அதே சாலையின் முனைப் பகுதியில் 1984-ல் கல்லூரியாகத் தொடங்கி இன்று நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக இருக்கும் கிரசென்ட் இருக்கிறது. சென்னையில் 1951-ல் தொடங்கிய புதுக்கல்லூரி இருக்கிறது. வேலையை விட முடியாதவர்களுக்கு இக்னோவின் பி.சி.ஏ. போன்ற தொலைநிலைப் படிப்பு உதவும். மூன்றாண்டுப் படிப்பை ஆறாண்டு வரை நீட்டித்துப் படிக்கலாம். ஸ்வயம் தளத்தில் பாடங்களைக் கட்டணமின்றிப் பார்க்கலாம். சான்றிதழுக்கான தேர்வுக்கு மட்டும் கட்டணம் உண்டு. தமிழக அரசின் நான் முதல்வன் திட்டம் 2022 முதல் கல்லூரி மாணவர்களுக்குத் திறன் பயிற்சி தருகிறது.

ஷிஃப்டில் இருந்தபடியே ஓராண்டுத் திட்டம்

பட்டம் மட்டும் போதாது. செய்து காட்ட வேண்டும். தினமும் ஒரு மணி நேரம் ஒதுக்க முடிந்த பிள்ளைக்கு இந்த வரிசையைப் பரிந்துரைக்கிறோம்.

முதல் மூன்று மாதங்கள்: தமிழ்99 அல்லது வேறு முறையில் பிழையின்றித் தமிழ்த் தட்டச்சு, எச்.டி.எம்.எல்., சி.எஸ்.எஸ். அடிப்படை. இதற்குக் கைபேசி போதாது. பழைய லேப்டாப் ஒன்று போதும்.

அடுத்த மூன்று மாதங்கள்: வேர்ட்பிரஸ். உலகத்தின் இணையதளங்களில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் இதில்தான் ஓடுகின்றன. ஒரு தளத்தை நிறுவி, கெடுத்து, பேக்கப்பிலிருந்து மீட்டெடுத்துப் பழக வேண்டும். மீட்டுப் பார்க்காத பேக்கப்பை நம்ப முடியாது.

மூன்றாவது காலாண்டு: திருத்தும் பயிற்சி. 2003-ல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் கட்டுரைகளைத் திருத்துங்கள். ஆதாரம் இல்லாத வாக்கியம் அங்கே கேள்விக்கு உள்ளாகும். இதைவிட நல்ல இலவசப் பதிப்புப் பள்ளி இல்லை.

கடைசி மூன்று மாதங்கள்: உண்மையான ஒரு தளத்தைப் பொறுப்பெடுத்தல். மஹல்லாவின் ஜமாஅத், ஊர்ப் பள்ளிக்கூடம், தெரிந்த கடை எதுவாகவும் இருக்கட்டும். ஆறு மாதம் ஒரு நாளும் நிற்காமல் ஓடியது, இத்தனை பிழைகள் திருத்தப்பட்டன என்று பதிவு வைத்திருந்தால் நேர்காணலில் அதுவே பேசும்.

ஆங்கிலத்தை ஒதுக்க வேண்டாம். மேனுவல்கள், பிழைச் செய்திகள், மின்னஞ்சல் எல்லாம் ஆங்கிலத்தில்தான் இருக்கும். அதே சமயம் தமிழையும் ஆங்கிலத்தையும் பிழையின்றி எழுதத் தெரிந்தவருக்கு இங்கே தட்டுப்பாடு உண்டு. செயற்கை நுண்ணறிவு வந்தபின் வெறுமனே பத்தி எழுதித் தரும் வேலையும், அச்சு அசலாகப் பக்கம் வடிவமைக்கும் வேலையும் குறைந்து வருகின்றன. ஆனால் இயந்திரம் எழுதியது உண்மையா, வெளியிடலாமா என்று தீர்மானித்துப் பொறுப்பேற்க மனிதர்தான் வேண்டும்.

பெண் பிள்ளைகளுக்கும் இது ஏற்ற துறை. திருத்தம், மொழிபெயர்ப்பு, தளப் பராமரிப்பு ஆகியவற்றை வீட்டிலிருந்தே செய்யும் வாய்ப்பு உண்டு. ஆனால் வீட்டிலிருந்து செய்வதால் "சும்மா செய்து கொடு" என்று கேட்பதும், குறைந்த ஊதியம் தருவதும் அநீதி. வேலையின் அளவு, கூலி, தேதி மூன்றையும் எழுத்தில் பெற்ற பிறகே தொடங்கச் சொல்லுங்கள்.

ஏமாறாமல் இருக்க

"மூன்று மாதத்தில் வேலை உத்தரவாதம்" என்று பெரும் தொகை கேட்கும் பயிற்சி நிலையங்களிடம், முன்பு படித்தவர்கள் எங்கே வேலை செய்கிறார்கள் என்று கேட்டு, அவர்களிடம் நேரில் பேசுங்கள். கட்டணத்துக்காக வட்டிக்குக் கடன் வாங்கும் அவசியமே இந்தப் படிப்பில் இல்லை. மேலே சொன்னவற்றில் பெரும்பகுதி இலவசம். வேலை கொடுக்கும் முன் டெபாசிட் கேட்கும் டேட்டா என்ட்ரி விளம்பரங்களை நம்ப வேண்டாம்.

வெளிநாட்டு ஆசைக்கு ஓர் எச்சரிக்கை. கணினி வேலை, டேட்டா என்ட்ரி என்று சொல்லி கம்போடியா, மியான்மர், லாவோஸ் நாடுகளுக்கு அழைத்துச் சென்று, இணைய மோசடி முகாம்களில் அடைத்து வைத்த கொடுமைக்குத் தமிழக இளைஞர்களும் பலியாகியிருக்கிறார்கள். சுற்றுலா விசாவில் வேலைக்கு அழைத்தால் போகாதீர்கள். முகவருக்கு அரசின் உரிமம் இருக்கிறதா என்று இ-மைக்ரேட் தளத்தில் பாருங்கள். இணையத்தில் பணம் பறிபோனால் உடனே 1930 எண்ணை அழையுங்கள்.

ஹலால், ஹராம், சட்டம்

இத்துறையில் வருமானம் எந்த வழியில் வருகிறது என்பதைக் கவனிக்காமல் விட முடியாது. விளம்பரக் கட்டமைப்புகளை அப்படியே தளத்தில் இணைத்துவிட்டால் சூதாட்டம், வட்டிக் கடன், ஆபாசம் எல்லாம் வந்து உட்காரும். எந்த வகை விளம்பரம் கூடாது என்று தடுக்கும் வசதி பெரும்பாலான கட்டமைப்புகளில் உண்டு. அதைப் பயன்படுத்துவது தள நிர்வாகியின் கடமை. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளையும் அவற்றின் விளம்பரங்களையும் தடை செய்யும் சட்டத்தை நாடாளுமன்றமே 2025 ஆகஸ்டில் நிறைவேற்றியிருக்கிறது.

செய்தி வெளியிடுவோருக்கு அல்குர்ஆனின் அல்ஹுஜுராத் அத்தியாயம் 6-ஆம் வசனம் அடிப்படை விதி. வந்த செய்தியைத் தீர விசாரிக்காமல் செயல்பட்டு, அறியாமல் ஒரு கூட்டத்துக்குத் தீங்கு செய்துவிட்டுப் பின்னர் வருந்தும் நிலை வேண்டாம் என்பதே அதன் எச்சரிக்கை. வாட்ஸ்அப்பில் வந்ததை அப்படியே தளத்தில் ஏற்றுபவர் பதிப்பாளர் அல்லர்.

சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். 2021-ன் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி இணையச் செய்தித் தளங்கள் குறைதீர் அலுவலர் ஒருவரை வைத்து, புகார்மீது 15 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். பிறர் எடுத்த படத்தை எடுத்துப் போடுவது 1957-ன் பதிப்புரிமைச் சட்டத்துக்கு எதிரானது. படிவத்தில் பெறும் பெயர், கைபேசி எண் போன்றவற்றைக் காப்பதற்கு 2023-ன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது.

அமானிதம்

கடைசியாக நம் மஹல்லாக்களுக்கு ஒரு வார்த்தை. நம்மில் எத்தனையோ ஜமாஅத்களும் சங்கங்களும் ஆர்வமாகத் தளம் தொடங்குகின்றன. தொடங்கிய தம்பி சவூதிக்குப் போய்விடுகிறார். டொமைன் அவர் பெயரில், பாஸ்வேர்டு அவர் கைபேசியில். புதுப்பிக்கும் தேதி தாண்டிவிடுகிறது. சில மாதங்களில் அந்தப் பெயரை வேறு யாரோ வாங்கி, ஜமாஅத்தின் பெயரிலேயே சூதாட்டப் பக்கம் ஓட்டுகிறார். பல ஆண்டு நிக்காஹ் அறிவிப்புகள், ஜனாஸா அறிவிப்புகள், ஊர் வரலாறு எல்லாம் போய்விடுகின்றன. தம்பியின் எண்ணத்தில் குறையில்லை. முறைதான் இல்லை.

டொமைன் அமைப்பின் பெயரிலும் அமைப்பின் மின்னஞ்சலிலும் இருக்கட்டும். பாஸ்வேர்டு குறைந்தது இரண்டு பொறுப்பாளர்களிடம் இருக்கட்டும். புதுப்பிக்கும் தேதி ஜமாஅத் அலுவலகச் சுவரில் எழுதி வைக்கப்படட்டும். இந்தப் பொறுப்பை உங்கள் மஹல்லாவில் டிப்ளமோ முடித்து ஒரகடத்தில் ஷிஃப்ட் பார்க்கும் ஒரு பிள்ளையிடம் கொடுங்கள். சிறிதாவது ஊதியமும் கொடுங்கள். ஜமாஅத்தின் பதிவுகள் காக்கப்படும்; அந்தப் பிள்ளைக்கும் ஒரு தொழிலின் முதல் அனுபவம் கிடைக்கும்.

பிறர் நம்பி ஒப்படைத்ததைக் கெடாமல் காத்துத் திருப்பிக் கொடுப்பது அமானிதம். இணையதள நிர்வாகத்தில் கருவிகள் மாறிக்கொண்டே இருக்கும்; இந்தக் குணம் உள்ளவருக்குத் தேவை குறையாது.

நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும், ஹலாலான வாழ்வாதாரத்தையும், ஒப்படைத்ததைக் காக்கும் நேர்மையையும் வல்ல அல்லாஹ் தந்தருள்வானாக. ஆமீன்.